செம்பு ஆகாத மூலை

– அவ்ளோ பெரிய சர்க்யூட் போர்டுல அந்த ஒரு மூலை தரிசாக் கெடந்துச்சு. செம்பு எழுத்துல என் பேரைப் போட்டேன். அதுக்கா பாப்பா இந்த மூஞ்சி?

– அது தரிசு இல்ல பெரியப்பா. வேணும்னேதான் காலியா விட்டேன்.

– நல்ல எடத்தை யாராச்சும் வேணும்னு காலியா விடுவாங்களா? காலேஜ்ல போயி இதைத்தான் படிச்சியா செவ்வந்தி?

– ஆமா, இதைத்தான். போர்டு பூரா செம்பு விரிச்சிருக்கணும். ரேடியோவுக்கு அதுதான் காலடித் தரை. ஆனா ஏரியல் இருக்குற மூலையில மட்டும் மேலயும் கீழயும் பொட்டுச் செம்பு ஆகாது. இருந்தா அலையை அதுவே குடிச்சிடும். அச்சுக்குக் கொடுக்கறப்பவே, போர்டு அச்சடிக்கிற யூசுப் பாய்கிட்ட சொல்லித்தான் கொடுத்தேன்.

– பாயும் சொன்னாரு, ‘அந்தப் பொண்ணு கோவிச்சுக்கும்’னு. நான் என்ன சொல்றேன்னா, போர்டெல்லாம் என்னோட அன்பளிப்பு. பேரு இல்லன்னா கொடுத்தது இளையபெருமாள்னு எப்புடித் தெரியும்?

– பெட்டியை மூடித் திருகி மதகு மேல கட்டிட்டா உள்ள இருக்குற பேரு யாரு கண்ணுக்குத் தெரியும்?

– எனக்குத் தெரியுமில்ல.

– மாரியம்மன் கோயில் டியூப்லைட்டு மாதிரி பண்ணிட்டீங்க. கொடுத்தவங்க பேரைக் குழல் பூரா பெயிண்ட்ல எழுதி, வெளிச்சம் கீழ எறங்காம.

– கோயிலோட என்னைச் சேக்காத. நாங்க பகுத்தறிவு இயக்கம். அவுங்க உபயம்னு எழுதுவாங்க, நான் அன்பளிப்புன்னு எழுதியிருக்கேன்.

– ரெண்டுலயும் இருட்டுதான். வாய்க்கால் நெடுக மதகுக்கு மதகு பெட்டி கட்டியாச்சு. ஒண்ணுகூடப் பேசமாட்டேங்குது.

– பேசாட்டிப் போவுது. இத்தனை காலமும் மதகுகிட்டப் பேசித்தான் வெள்ளாமை பண்ணுனோமா?

– எந்த மதகு தொறந்திருக்குன்னு பெட்டி போனுக்குச் சொன்னாத்தான் கடைமடைக்குத் தெரியும். இப்ப எங்க முறை. அப்பா வயல்ல சூல்பயிரு நிக்குது, வெடிப்புல கால் போவுது. தண்ணி நடுவுல எங்க போவுதுன்னே தெரியல.

– மருதையன் வயல்தானே? அந்தப் பட்டா எப்புடி வந்துச்சுன்னு உங்கப்பனைக் கேளு. பண்ணை ஆளுங்க மதகைப் பூட்டினப்ப, சம்மட்டி எடுத்துட்டுப் போயி ஒடச்சவன் நான். கூட நின்னவன் உங்கப்பன்.

– தெரியும். ‘அண்ணன் இருக்குற வரைக்கும் தண்ணிக்குப் பயமில்ல’ன்னு காலையிலகூடச் சொன்னாரு.

– பாத்தியா! படிக்காத மனுசனுக்குத் தெரியுது.

– இப்ப தலைமடை மதகுப் பூட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு பெரியப்பா?

– பொதுச் சொத்து. பத்திரமா இருக்கட்டும்னு எங்கிட்ட இருக்கு. வாய்க்கா ஓரத்துப் புறம்போக்கைக்கூட நாந்தான் பாத்துக்கறேன்.

– வேலி போட்டு.

– சும்மா விட்டா எவனாச்சும் வளைச்சிடுவான்ல?

– காலி எடத்தைப் பாத்தாலே உங்களுக்குக் கை பரபரன்னு வந்துடுது.

– வாய் நீளுது. அதெல்லாம் கெடக்கட்டும். நாளைக்குத் தொறப்பு விழா. பச்சை லைட்டு எரியுதில்ல?

– எரியுது. எல்லாத்தையும் அனுப்பிட்டதா நெனச்சுக்கிட்டு எரியுது.

– போட்டோவுக்கு அது போதும். என் பேரு மேல மட்டும் கை வெச்சிடாத.

– ஒண்ணுல வெச்சுட்டேன்.

– என்னது?

– நேத்து சாயங்காலம் ஒரு போர்டைக் கழட்டி பிளேடால சுரண்டினேன். ‘அன்பளிப்பு’ போனதும் லேசா முனகுச்சு. ‘இளையபெருமாள்’ போனதும் தண்ணி டாங்க் வரைக்கும் கேட்டுச்சு.

– அடிப்பாவி! அந்தப் போர்டு எங்க?

– தலைமடையில. உங்க வயலுக்குப் பிரியுற மதகுல.

– யாரைக் கேட்டுக் கட்டின?

– ராத்திரியிலேருந்து என் போனுக்கு மட்டும் சேதி வந்துச்சு. இப்ப எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டேன். உங்க போன்தான் கத்துது பாருங்க.

– கண்ணாடி எடுத்தாரல. என்ன போட்டிருக்கு?

– ‘இளையபெருமாள் மதகு திறந்திருக்கிறது.’ பேரு தெரியணும்னு ஆசைப்பட்டீங்கல்ல? கடைமடை வரைக்கும் போயிடுச்சு.

– பாப்பா, நான் என்ன சொல்றேன்னா... சாவி எங்க வெச்சேன்னு தேடித்தான் மூடணும். கொஞ்சம் பொறு. வாசல்ல யாரு கூப்புடுறா?

– அப்பாதான். அவருக்குப் படிக்கத் தெரியாதில்ல, எவனோ மதகைத் தொறந்து வெச்சுப் பூட்டியிருக்கான்னு மட்டும் சொன்னேன். பூட்டை ஒடைக்க அண்ணன்தான் முன்ன நிக்கணும்னு, அந்தப் பழைய சம்மட்டியோட உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு.