தரங்கம்பாடிக்கு ஏழு நாள்

இல்லீங்கக்கா, எந்திரிக்காதீங்க. கேக்கக்கூடாததக் கேட்டுட்டமேன்னு நெனைக்க வேண்டாம். பொட்டப்புள்ளையக் குடுக்கறவங்க கேட்டுத்தான ஆகோணும். மொத தாரம் உசுரோட இருக்கறப்ப ரெண்டாந்தாரமாக் குடுக்கறதுன்னா, அந்த மொத தாரத்த ஒருக்காப் பார்த்துட்டு வரலாம்னு உங்களுக்குத் தோணுச்சே, அதுவே பெருசு. என்ற மாமியா சங்ககிரிக்கு உங்க ஊட்டுக்கு வந்து என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எட்டு வருசமாச்சு, வயித்துல ஒண்ணும் தங்கலை, மலடி, ஆனா நல்ல புள்ளதான், ஒரு ஓரமாச் சோறு தின்னுட்டு இருந்துக்குவா. அதத்தானுங்க சொன்னாங்க? ஆமா. எம் முன்னாலயும் அப்படித்தான் சொல்றாங்க.

அவரு எப்படின்னு கேட்டீங்க. குடி கெடையாது. சீட்டாட்டம் கெடையாது. கை நீட்ட மாட்டாரு. இந்தத் திருச்செங்கோட்டுல யார வேணும்னாலும் கேளுங்க, தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க. நான் குணத்தப் பத்திப் பேசலை. நடந்தது ஒண்ணச் சொல்றேன், முழுசாக் கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டம். அவசரமில்லீங்க, மாமியா மலைக்கோயிலுக்குப் போயிருக்கறாங்க. ஏறி எறங்கி வர நேரமாகும்.

மேட்டூரணை கட்டி முடிச்சு மூணாவது வருசம், மாசி மாசமுங்க. எங்களுக்குக் கலியாணமாகி நாலு வருசம். அப்ப எங்கூட்டுக்காரருக்குச் சைக்கிள் பைத்தியம். சேலத்துல சைக்கிள் சங்கம்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, இவருதான் காரியதரிசி. சீமையில இருந்து ஒரு பொஸ்தகம் வரும், வழவழன்னு. அதுல வெள்ளைக்காரனும் அவன் பொண்டாட்டியும் கடலோரமாச் சைக்கிள்ல போறாப்புல ஒரு படம். அங்கெல்லாம் லீவு உட்டா நாலஞ்சு சோடி சேர்ந்துக்குவாங்களாமா. வழி தெரிஞ்ச ஆள் ஒருத்தன முன்னால உட்டுட்டு, ஊரூராத் தங்கி, பழைய கோட்டை, கோயிலு, கடக்கரைன்னு பார்த்துட்டு வருவாங்களாமா. நாமளும் அப்படிப் போலாம், இந்த ஜில்லாவுல எவனும் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுச் சைக்கிள்ல சமுத்திரத்துக்குப் போனதில்லை, பேப்பர்ல வரும்னாரு.

பேப்பர்ல வரும்னது எனக்கு அப்பக் காதுல உழுகலீங்க. சமுத்திரம்னதுதான் உழுந்துச்சு. நான் காவேரிக்கு அக்கட்ட ஈரோடு கூடப் போனதில்லை. களத்துல அவரே சீட்டப் புடிச்சுக்கிட்டு ஓடி ஓடிப் பழக்குனாரு. உழுந்து உழுந்து முட்டியில தோலே இல்லை. சந்தோசமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா அது பொய்.

சோடி சோடியா வாரேன்னவங்க கடைசில ஒருத்தரும் பொம்பளைகளக் கூட்டிட்டு வரலீங்க. இவரோட காலேஜுல படிச்ச வக்கீல் அர்த்தநாரி மட்டும் தனியாளா வந்தாரு. வழி காட்டறதுக்கு நாமக்கல்லு சின்னண்ணன்னு ஒருத்தரு. ரிப்பேர்க் கடை வெச்சிருந்த மனுசன், வயசு அம்பதுக்கு மேல. முன்னக்காலத்துல சிதம்பரம், மாயவரமெல்லாம் கடை கடையாச் சைக்கிள் சாமான் கொண்டு போய்ப் போட்டவரு, அந்த ரோடெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. மூட்டை முடிச்சு, பம்பு, பஞ்சர் ஒட்டற சாமான், அத்தனையும் அவரு சைக்கிள்ல. அப்புறம் நானு. சீலையக் கச்சம் வெச்சுக் கட்டி, முட்டி வரைக்கும் மேசோடு, கான்வாஸ் பூட்சு. மாமியா ரூம்புக் கதவச் சாத்திக்கிட்டு அழுதாங்க. அன்னைக்கு அவங்க மேல கோவமா வந்துச்சு.

மொத நாள் சேலம், ரெண்டாம் நாள் ஆத்தூரு. கால் வலி, இடுப்பு வலி, அதெல்லாம் கெடக்கட்டும். போற ஊர்லயெல்லாம் கூட்டம் கூடிரும். எந்த ஊர் சர்க்கஸுன்னு சின்னண்ணன நிறுத்திக் கேப்பாங்க. எனக்கு மானம் போகும். ஆனா எங்கூட்டுக்காரருக்கு அதுதான் வேணும். கூட்டத்தக் கண்டா எறங்கிருவாரு, சட்டை ஜோப்புல இருந்து சீப்பெடுத்து மீசைய வாருவாரு, மயிலு, ஒரு சுத்துச் சுத்திக் காட்டுன்னுவாரு. நான் பெல்லடிச்சுக்கிட்டு அந்தக் கடைவீதியில சுத்தோணும். சந்தையில மாட்டோட வாயப் பொளந்து பல்லக் காட்டுவாங்களே, அப்படி. முடிஞ்சதும் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாரு. நானும் சிரிச்சனுங்க. அத நெனைச்சா இன்னைக்கும் என்ற மூஞ்சியில நானே துப்பிக்கலாம்னு இருக்குது.

அந்த வக்கீலு இருக்கறானே, அவன் ஒரு நாளும் எனக்கு முன்னால சைக்கிள் உட்டதில்லை. எனக்குப் பின்னாலதான் வருவான். ஏனுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாய் நெறைய வெத்தலை, திரும்பிப் பார்த்தா ஒரு இளிப்பு, மோவாயில எச்சி ஒழுகிக்கிட்டு நிக்கும். இவருகிட்டச் சொன்னேன். அவன் பி.ஏ. பி.எல்., பட்டிக்காட்டுப் பொம்பளையாட்டம் நெனைக்காதன்னாரு.

ஆத்தூரு பங்களாவுல வெடியால எந்திரிச்சதும் வாந்தி. பல்லுக் குச்சிய வாயில வெச்சதும் குடலே வெளிய வாரதாட்டம். இவருகிட்டப் போய், என்னைய பஸ்ஸுல ஏத்தி உட்டுருங்க, நான் ஊட்டுக்குப் போறேன்னேன். கையப் புடிச்சுக்கிட்டாரு. மயிலு, நீ இல்லாம இந்தப் பிரயாணத்துல என்ன இருக்குதுன்னாரு. அதக் கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆசைன்னு நெனைச்சனுங்க.

அப்புறம் சின்னசேலம், விருத்தாசலம். அங்கிருந்து ரோடே கெடையாது, வண்டித்தடம், புழுதி. கோயிலு கண்ட எடத்துலயெல்லாம் எறங்கி, ஒரு நோட்டப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, இன்ன ராசா கட்டுனது, இன்ன வருசம் கட்டுனதுன்னு படிப்பாரு. ஒரு நா சின்னண்ணன், ஐயா நீங்க படிக்கறது அடுத்த ஊருக் கோயிலுன்னாரு. அதுல இருந்து அந்த மனுசனோட இவரு மொகங்குடுத்துப் பேசலை.

அஞ்சாம் நாள் பரங்கிப்பேட்டை. அங்கதானுங்க சமுத்திரத்தப் பார்த்தேன். கரை பூராவும் கருவாடு காயப் போட்டிருந்தாங்க, அந்த வாடை எனக்கு ஒத்துக்காம அங்கயே உக்காந்து வாந்தியெடுத்தேன். வக்கீலு என்னமோ சொன்னான், ரெண்டு பேரும் சிரிச்சாங்க. இவரு மணல்ல நின்னுக்கிட்டுப் பறங்கிக்காரன் கப்பல்ல வந்த கதையப் படிச்சாரு. நான் வாயக் கழுவிக்கிட்டு அப்படியே காலத் தண்ணிக்குள்ள நீட்டி உக்காந்துக்கிட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சுங்கக்கா. அலை வரும், போகும். யாரும் என்னைய ஒண்ணும் கேக்கலை.

ஆறாம் நாள் சிதம்பரம். ஏழாம் நாள் தரங்கம்பாடி போய்ச் சேரோணும். அங்க டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை ஒண்ணு சமுத்திரத்து மேலயே நிக்குது. அதுக்கு முன்னால எங்க ரெண்டு பேரையும் சைக்கிளோட நிக்க வெச்சுப் புடிக்கறதுக்கு, மாயவரத்துல இருந்து போட்டோக்காரனுக்குச் சொல்லி வெச்சிருந்தாரு. பொழுதோட நாலு மணிக்கு. வெடியால கெளம்பிக் கொள்ளிடத்தத் தோணியில தாண்டுனோம். தோணியில இருக்கறப்பவே எனக்கு அடிவயித்துல சுருக்குன்னுச்சு. அக்கட்ட எறங்கி மணல்ல சைக்கிளத் தள்ளி, ரோடேறி, ரெண்டு மைலு போயிருப்போம். அதுக்கு மேல கால் மிதிக்க வரலை. உழுந்துட்டேன்.

எந்திரின்னாரு. முடியலீங்கன்னேன். கைக்கடியாரத்தப் பார்த்தாரு. மயிலு, இன்னும் கொஞ்ச தூரந்தான், தம் புடிச்சுக்க, பொழுது சாஞ்சா வெளிச்சம் போயிரும்னாரு. வெளிச்சம் போயிருமாமா. நான் அவரு காலப் புடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் பார்த்தாரு. சீலை நனைஞ்சு, மேசோட்டுக்குள்ள எல்லாம் எறங்கியிருந்துச்சு. என்ற கை பட்டு அவரு பூட்சுலயும் ஒட்டிக்கிச்சு.

நீங்க ரெண்டு பெத்தவங்க, உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். மூணரை மாசமுங்க.

அவரு என்ன செஞ்சாருன்னு கேளுங்க. காலப் பின்னால இழுத்துக்கிட்டாரு. வேலியில ஒரு பூவரச எலையப் பறிச்சு, குனிஞ்சு, அந்தப் பூட்சத் தொடச்சாரு. தொடச்சுட்டு எலையத் தூர வீசிட்டு, அந்தக் கைய மோந்து பார்த்தாருங்கக்கா. மோந்து பார்த்து மொகத்தச் சுளிச்சாரு. எனக்கு அத்தனை வலியிலயும் அது கண்ணுல பட்டுச்சு.

சின்னண்ணன்தான், சீர்காழியில ஆஸ்பத்திரி இருக்குது, நான் போய் வண்டி கொண்டாரேன்னாரு. நீ எங்களக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் உடு, திரும்பி வாரப்பப் பார்த்துக்கலாம், அவளுக்கு அசதிதான்னாரு இவரு. அந்த மனுசன் சைக்கிள் ஸ்டாண்டப் போட்டாரு. ஐயா, ரோடு நேராத்தான் போகுது, நீங்க போங்க, நான் வரலைன்னுட்டாரு. இவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. போறப்ப என்ற சைக்கிளையும் ஒரு கையில புடிச்சுக்கிட்டுப் போனான் அந்த வக்கீலு. படத்துக்கு வேணுமாமா.

என்னையத் தனியா உட்டுட்டு வண்டிக்குப் போக முடியாம, வயல்ல அறுப்பறுத்துக்கிட்டு இருந்த பொம்பளைகளச் சின்னண்ணன் கூப்புட்டாரு. அஞ்சலைன்னு ஒருத்தங்க ஓடியாந்தாங்க. நாலு பேராத் தூக்கிக்கிட்டுப் போய் அவங்க குடிசையில போட்டாங்க. எனக்கு அவங்க என்ன சாதின்னு தெரியாது, அவங்களும் என்னையக் கேக்கலை. வெந்நீ வெச்சு ஊத்தி, கழுவி, தன்ற சீலை ஒண்ணக் குடுத்து உடுத்தி உட்டாங்க. ஒரு பழந்துணியில சுத்திக் கொண்டு போயி, வாய்க்காக் கரையில தாழம்புதருக்கு அடியில குழி தோண்டி வெச்சுட்டு வந்தாங்க. சின்னண்ணன் அன்னைக்குப் பூராவும் வெளிய வெய்யில்லயே, அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தாரு. எங்கப்பன் இருந்திருந்தா அப்படித்தான் உக்காந்திருப்பாரு.

மறுநா மத்தியானம் எங்கூட்டுக்காரரு குதிரை வண்டியில வந்தாரு. எனக்குன்னு தரங்கம்பாடியில ஒரு சோழி மாலை வாங்கியாந்திருந்தாரு. குடிசைக்குள்ள வரலை, வாசப்படியில நின்னு மூக்கத் துணியால பொத்திக்கிட்டு, முடிஞ்சுதான்னு கேட்டாரு. அப்புறம், எங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், கடக்கரையில மீன் தின்னது சேரலைன்னு சொல்லிக்கலாம்னாரு.

இல்லீங்கக்கா, தெரியாமச் செய்யலை. அவருக்குத் தெரியும். ஆத்தூருல அன்னைக்கு வெடியால நான் அதச் சொல்லித்தான் ஊட்டுக்கு அனுப்பச் சொன்னேன். நாலு வருசங் கழிச்சுத் தங்கியிருக்குது, மாமியாகிட்டக் கூட இன்னும் சொல்லலை, உங்ககிட்டத்தான் மொதல்லன்னு சொன்னேன். மூணு மாசந்தான, நம்ம பண்ணையத்துல பொம்பளைங்க பத்து மாசமும் நாத்து நடறதில்லையா, சைக்கிளு என்ன பண்ணீரும்னாரு. சொல்லிட்டுத்தான் என்ற கையப் புடிச்சாரு.

பேப்பர்ல வந்துச்சுங்க. தம்பதி சமேதராய்ச் சைக்கிள் யாத்திரைன்னு. படத்துல அவரும் வக்கீலும் மூணு சைக்கிளும். நானு எழுத்துல மட்டும். மாமியா அத ஊரெல்லாம் காட்டுனாங்க. அடுத்த வருசமே அவங்கதான் மலடின்னு ஆரம்பிச்சாங்க. இவரு பக்கத்துல உக்காந்து சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருப்பாரு. இல்லம்மா, ஒண்ணு உருவாச்சுன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாயத் தொறந்திருக்கலாம். தொறக்கலை.

நான் சொல்றதுல சந்தேகம் இருந்தா, சின்னண்ணன் இப்பப் பரமத்தியில கடை வெச்சிருக்கறாரு, போய்க் கேளுங்க. எங்கூட்டுப் பேரச் சொன்னாலே பேச மாட்டாரு. மயிலம்மா அனுப்புச்சுன்னு சொல்லுங்க, பேசுவாரு.

ஏனுங்க? டாக்டரம்மாவா? பார்த்தேன். சேலத்துக்கு எங்கண்ணன்தான் கூட்டிட்டுப் போச்சு. கர்ப்பப்பையில ஒரு குறையும் இல்லை, இனி எத்தனை வேணும்னாலும் பெத்துக்கலாம்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டே குடுத்தாங்க. அத இவருகிட்டயும் காட்டினேன். மடிச்சுப் பீரோவுல வெச்சுக்கிட்டாரு.

நான் உங்க புள்ளையக் குடுக்க வேண்டாம்னு சொல்ல வரலீங்கக்கா. என்ற சம்மதம் வேணும்னா இப்பவே தாரேன். எனக்கு அவரு மேல இப்பக் கோவங்கூட இல்லை. சாப்பாடு போடறேன், துணி தொவைக்கறேன். அவரு கை தொட்ட சொம்புல மட்டும் நான் தண்ணி குடிக்கறதில்லை, கொமட்டீருது. இன்னொண்ணு இருக்குது, ஊட்டுல அது யாருக்கும் தெரியாது. அவரும் வெளிய சொல்ல மாட்டாரு, சொன்னா ஆம்பளைக்குக் கேவலம். மலடின்னா அவருக்குச் சவுகரியம். நாலு வருசமா எல்லாரும் படுத்ததுக்கப்புறம் நான் அந்தக் கடைசி ரூம்புல, உள்ள தாழ்ப்பாப் போட்டுக்கிட்டுத்தானுங்க படுக்கறேன். புள்ளை எங்கிருந்துங்க வரும்.