அச்சு குத்த வந்த நாள்

— எக்கா, தாணம்மாக்கா, கஞ்சி ஆறுது. ரெண்டு வாயி குடி.

— அங்க வை அன்னக்கிளி. பெறவு குடிக்கேன்.

— பெறவு பெறவுன்னு நேத்தைக்குள்ளதையும் கோழிக்கு ஊத்தினே. ஒனக்க மவ பகவதி அம்மை வந்து போய் மாசம் ஒண்ணு கழிஞ்சாச்சு, கேட்டியா. நீ ஒரு துள்ளி கண்ணீரு விட்டு நான் பாக்கல்ல.

— வரல்ல. வந்தா அழ மாட்டேனா?

— மூத்தவன் ஞானமும் அதே பாயிலதான படுத்தான்? அவனுக்கு ஒரு கொப்பளமும் வரல்லியே. தலையெழுத்து எக்கா, வேற என்ன?

— தலையெழுத்து இல்ல. அவனுக்கு அம்மை வராம இருக்க கையில அச்சு குத்தியிருக்கு.

— எப்போ குத்தினிய?

— பஞ்சத்துல. மரச்சீனிக் கெழங்குகூட கிட்டாம கெடந்தோம்லா, அப்போ. அச்சு குத்துத ஜெபதாஸ் வந்தாரு. பிள்ளைக்க கையப் பிடிச்சுக் குடுத்தேன். காய்ச்சலு அடிச்சுது, புண்ணு சீழு வச்சுது. மடியிலயே போட்டுட்டு இருந்தேன். வேற என்ன சோலி எனக்கு?

— பகவதி நல்ல காலத்துலல்லா பொறந்தா. அத்தான் அணை கெட்டுத வேலைக்குப் போனாரு, நீ அண்டியாபீசுல முந்திரிக்கொட்டை தல்லப் போனே. கூரைக்கு ஓடு போட்டிய. பிள்ளைக்குப் பசும்பாலு, காதுல கம்மலு...

— ஆமா. எல்லாம் உண்டு.

— பெறவு ஏன் எக்கா அச்சு மட்டும் குத்தல்ல?

— அவரு வரும்பமெல்லாம் நான் அண்டியாபீசுல. ஒருக்க வீட்டுல இருக்கும்போ வந்தாரு.

— அன்னைக்கு நானும் விளிச்சேனே, கதவத் தொறன்னு! உள்ள ஆளு இல்லன்னுல்லா நெனச்சேன்.

— உள்ளதான் இருந்தேன். பிள்ளைக்க வாயப் பொத்திப் பிடிச்சிருந்தேன்.

— எக்கா!

— குத்தினா நாலஞ்சு நாளு காய்ச்சலு வரும். நான் கூட இருக்கணும். சரக்கு கப்பல்ல ஏறணும், ஆரும் லீவு கேக்கப்பிடாதுன்னு மேஸ்திரி சொல்லிப்போட்டான். அடுத்த தடவை குத்திக்கிடலாம்னு நெனச்சேன்.

— போட்டும் எக்கா. அதையே நெனச்சிட்டு இருக்காத.

— ஒனக்க கைப்பிள்ளைக்குக் குத்தியாச்சா? நேத்து ஜெபதாஸ் தெருவுல வந்தாருன்னு ஞானம் சொன்னான்.

— நான் வாறேன் எக்கா, நேரமாச்சு.

— கேட்டதுக்குச் சொல்லிட்டுப் போ.

— நேத்து எங்க வீடு பூட்டிக் கெடந்துது. பிள்ளைய நாத்தனா வீட்டுல விட்டிருந்தேன். நானும் அண்டியாபீசுக்குப் போகத் தொடங்கிட்டேன் எக்கா. ஒனக்கிட்ட சொல்ல நாக்கு எழும்பல்ல. மேஸ்திரி ஒனக்க எடத்துலதான் என்ன இருத்தியிருக்கான்.

— செரி.

— எனக்க மேல கோவப்படாத.

— கோவம் ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில நீ வேலைக்குப் போ. பிள்ளைய எனக்க கையில தா. தருமாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குத்திட்டு, காய்ச்சலு விடுத வரைக்கும் மடியில வச்சிருக்கேன். நான் இப்போ சும்மாதான இருக்கேன்.