எல்லர்ஸ்டைன் கோபுரத்தில் நூற்றுப் பன்னிரண்டு படி

– நில்லு எகோன். அந்தப் பெஞ்சுல கொஞ்சம் உக்காரு. உன் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்குது.

– எனக்கு ஒண்ணுமில்ல. உனக்காகத்தான் நின்னேன் ஹில்டே. புது ஷூ, கொப்பளம் வந்திருக்குமேன்னு.

– வந்திருக்கு. ரெண்டு. பரவாயில்ல, நடக்க முடியும்.

– சொல்றேன் கேளு. இப்பவே திரும்பிடுவோம். கீழ மலையேறும் சங்கத்துச் சத்திரத்துல பருப்பு சூப்புன்னு எழுதிப் போட்டிருந்தான், பாத்தல்ல? சனிக்கிழமை கூட்டம் வந்துச்சுன்னா தீந்துடும்.

– தீந்தா தீரட்டும். என் பையில ரொட்டி இருக்கு, அவிச்ச முட்டை இருக்கு. நான் மேல போகணும்.

– இடிஞ்ச சுவரைப் பாக்க இந்தப் பாடா? எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரிதான்.

– ஒரே மாதிரியா? ஒண்ணொண்ணுக்கும், போற தடவையெல்லாம் ஒரு கதை சொன்னியே மனுஷா! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து உக்காருவே. உங்கம்மாவுக்கு ரவைக் கஞ்சி ஊட்டிட்டே நான் கேப்பேன். நாலு வருஷமாச் சொன்னதெல்லாம் ஒரே மாதிரியா?

– அட விடு. சொல்லும்போது நல்லாத்தான் இருக்கும். ஏறும்போதுதானே தெரியுது.

– இருபத்துநாலு கோட்டை ஏறின காலு. நான் வீட்டு மாடிப்படி தவிர எதுவும் ஏறினதில்ல. எனக்கு முன்னாடி உனக்கு மூச்சு வாங்குது.

– ஜூன் மாசத்தோட நிறுத்தினது. அம்மா போனதுக்கப்புறம் நான் எங்க நடந்தேன்? உடம்பு மறந்துடுச்சு.

– ம்.

– சரி, இவ்வளவு தூரம் ஏறிட்டே. இதையே ஒரு கோட்டைன்னு வச்சுக்கோ. நாளைக்கு மேடையில நின்னா யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல.

– யாரும் கேக்க வேண்டாம். நான் கேட்டுக்குவேன். இருபத்துநாலும் சொந்தக் கால்ல ஏறினவங்களுக்குத்தான் தங்க பேட்ஜ். நாளைக்கு ஊரே உக்காந்திருக்கும். என் பேரைக் கூப்பிடுவாங்க. என் புத்தகத்துல கோட்டைக்கு ஒண்ணா இருபத்துநாலு சீலு, என் ஷூ அடியில ஒரு கீறல் கிடையாது. முந்தாநாள்தான் வாங்கினது.

– நானா பேட்ஜுக்குப் பேர் கொடுத்தேன்? சங்கத்துல என்கூட இருக்கற ஆல்வின்தான் ரெண்டு புத்தகத்தையும் சேத்து எழுதிக் கொடுத்துட்டான். நீ வர முடியலியேன்னுதான் உன் புத்தகத்திலயும் சீல் விழுந்துச்சு. அதைக் கொண்டாந்து காட்டினப்போ அழுதே நீ.

– 'உன்னைச் சட்டைப் பையில வச்சுக் கூட்டிட்டுப் போனேன்'னா யாருதான் அழ மாட்டா? அது நமக்குள்ள. மேடையில கைதட்டு வாங்க இல்ல. ஒண்ணையாவது என் காலால ஏறிப் பாக்கணும். பாக்கலைன்னா நாளைக்கு நான் வர மாட்டேன், நீயே வாங்கிட்டு வா.

– அதுக்கு இந்த எல்லர்ஸ்டைனா கிடைச்சுது? ஆத்தோரமா ரெண்டு சின்னக் கோட்டை இருக்கு. வாசல் வரைக்கும் கார் போகும்.

– எனக்கு அந்தக் கோபுரம்தான் வேணும். நூத்திப் பன்னெண்டு படி, ஒவ்வொண்ணா எண்ணினேன்னு சொன்னியே. உச்சியில தெற்கு பாத்து ஒரு ஜன்னல். அதுல நின்னா நம்ம வீட்டுக் கூரை தெரியும், 'அங்கருந்து உனக்குக் கையசைச்சேன் ஹில்டே'ன்னே.

– அதெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே?

– உங்கம்மா படுக்கையை மாத்தும்போது அந்தப் படியைத்தான் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவங்களைப் புரட்டி, துடைச்சு, துணி மாத்தி முடிக்கறதுக்குள்ள எழுபது, எண்பது வரும். வேலை முடிஞ்சிடும். ஒரு நாள்கூட உச்சிக்குப் போய்ச் சேந்ததில்ல.

– எனக்கு நீ இதைச் சொன்னதே இல்லியே.

– சொல்ற மாதிரி என்ன இருக்கு? எந்திரி. வழி ரெண்டாப் பிரியுது. எந்தப் பக்கம்?

– இடது.

– மரத்துல வழி காட்ட நீலமும் வெள்ளையுமா பட்டை வலது பக்கம்தானே போட்டிருக்கு?

– இப்ப புதுசா மாத்தியிருப்பானுங்க.

– பெயிண்டு மேல பாசி பிடிச்சுக் கிடக்கு எகோன்.

– சரி சரி, வலதுலயே போ. ரொம்பத்தான் கண்ணு உனக்கு.

– யாரோ நாயைப் பிடிச்சுட்டு இறங்கி வர்றாரு. வழி விடு. வணக்கம்!

– வணக்கம் அம்மா, வணக்கம் ஐயா! வந்துட்டீங்க, இன்னும் பத்து நிமிஷம்தான். நாய் ஒண்ணும் பண்ணாது.

– நல்ல நாய். மேல கோபுரம் திறந்திருக்குங்களா?

– எந்தக் கோபுரம்?

– எல்லர்ஸ்டைன் கோபுரம்தான். நூத்திப் பன்னெண்டு படி இருக்குமாமே.

– யாரு சொன்னது உங்களுக்கு? நூத்திப் பன்னெண்டா! ஏற ஒரு படி கிடையாதும்மா. இடி விழுந்து, எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே சரிஞ்சு போச்சு. இடுப்பு உசரத்துக்கு ஒரு வட்டச் சுவரு நிக்குது, அவ்வளவுதான்.

– சீல்ல கோபுரம் இருக்கே. இதோ பாருங்க, என் புத்தகம்.

– அது ஏதோ பழைய படத்தைப் பாத்துச் செதுக்கினது. மாத்தித் தொலைங்கன்னு வருஷா வருஷம் சங்கத்துல சண்டை நடக்குது. அட! இருபத்துநாலும் முடிச்சுட்டீங்களா? அப்ப நீங்களே மேல போயிருப்பீங்களே!

– இவருதான் போனாரு.

– ஐயாவா? அன்னிக்குப் பனிமூட்டமா இருந்திருக்கும், இல்லீங்களா ஐயா? சரி, நாய் இழுக்குது, நான் வரேன். சீல் பெட்டி கிணத்துக்குப் பக்கத்துல. மூடி கொஞ்சம் இறுக்கம்.

– ரொம்ப நன்றிங்க... வா எகோன்.

– ஹில்டே, சொல்றேன் கேளு...

– மேல வந்து சொல்லு. இப்ப மூச்சை வச்சுக்கோ, உனக்கு வேணும்.

– மெதுவாப் போயேன். ஹில்டே! ஏய்!

– வந்துட்டோம். இதுதானா?

– இதுதான் போல.

– 'போல'. நல்லது. உக்காரு, கல்லு வெயில் பட்டு சூடாத்தான் இருக்கு. தெற்கு இதானே? இங்கருந்து நம்ம ஊரே தெரியல. அந்த மலை மறைக்குது.

– ஆமா. மறைக்குது.

– எத்தனை கோட்டை ஏறினே?

– கோவப்படாதே.

– கோவப்படத் தெம்பில்ல. எத்தனை?

– ஒண்ணு. அதுவும் பாதி.

– பொம்பளையா? இருந்தா சொல்லிடு, நான் கொப்பளத்தைப் பாக்கணும்.

– பொம்பளையா! இந்த மூஞ்சிக்கா?

– இந்த மூஞ்சியை நான் கட்டிக்கலியா?

– தூங்கினேன் ஹில்டே.

– யார்கூட?

– யார்கூடவும் இல்ல. தனியா, காருல. முதல் ஞாயிறு நெசமாத்தான் கிளம்பினேன். பாதி வழியில ஒரு பெஞ்சு. சும்மா உக்காந்தேன். முழிச்சுப் பாத்தா மூணு மணி நேரம் போயிருக்கு. ஆல்வின் எதிர்ல நின்னு சிரிக்கறான். என் மடியில கிடந்த ரெண்டு புத்தகத்தையும் அவனே எடுத்துட்டுப் போய்க் குத்திட்டு வந்துட்டான். பாவம், நல்லது பண்றதா நெனைச்சான்.

– அடுத்த ஞாயிறு?

– பெஞ்சு வரைக்கும்கூடப் போகல. கார் நிறுத்தற இடத்துலயே ரெண்டு புத்தகத்தையும் ஆல்வின்கிட்டக் கொடுத்துட்டு, சீட்டைச் சாய்ச்சுப் படுத்துட்டேன். வாரம் பூரா ஷூ ஃபாக்டரி சத்தம். வீட்டுக்கு வந்தா அம்மா என்னைப் பாத்து அப்பா பேரைச் சொல்லிக் கத்துவா. 'என் எகோன் எங்கே, எம்பிள்ளையை என்ன பண்ணினே'ன்னு கேப்பா. நான் எதிர்லயே நிப்பேன். அந்த வீட்டுல எனக்குக் கண்ணே மூடல. நான் மனுஷனா இருந்தது அந்த மூணு மணி நேரம்தான்.

– கதையெல்லாம்?

– சீலைப் பாத்துச் சொன்னேன். கிணறு இருந்தா கிணறு, கோபுரம் இருந்தா கோபுரம். நீ அவ்வளவு ஆசையாக் கேட்டே. நிறுத்த முடியல.

– கையசைச்சது?

– அதுவும்தான்.

– ம்.

– திட்டு. திட்டித் தொலையேன். இப்படி உக்காந்து முட்டை உரிக்காதே, பயமா இருக்கு.

– இந்தா, சாப்பிடு. உப்பு அந்தக் காகிதத்துல மடிச்சிருக்கு.

– சீல் குத்தலியா நீ? இன்னிக்கு நெசமாவே ஏறிட்டே. நான் பெட்டியைத் திறக்கறேன்.

– குத்தற கட்டத்துல ஏற்கெனவே குத்தியிருக்கு எகோன்.

– நாளைக்கு நான் எந்திரிச்சு நின்னு சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும். பேட்ஜ் ரெண்டும் வேண்டாம்னு.

– சொல்லு. மூணு புத்தகத்தைத் தூக்கிட்டு ஏறினது ஆல்வின்தான்னும் சொல்லு. தட்டறவங்க அவனுக்குத் தட்டட்டும்.

– சொல்றேன். நீ என் பக்கத்துல உக்காந்திருப்பியா?

– ரோஸலை நெனைச்சுட்டிருந்தேன்.

– என் தங்கச்சியையா? சத்தியமா அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது.

– தெரியாதுன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை தவறாம கேக்கைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னு கேப்பா. 'அம்மாவை நான் பாத்துக்கறேன், நீயும் எகோன்கூடப் போயிட்டு வா ஹில்டே'ன்னு. மலையேற எனக்குத் தெம்பில்லடின்னு நாலு வருஷமா அவளைத் திருப்பி அனுப்பினேன். தூங்கத்தான் போறேன்னு நீ சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே எகோன், பக்கத்து சீட்டு காலியாத்தானே கிடந்துச்சு.