மாட்டு டாக்டர் படிப்பு

மயிலாப்பூரில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த பெண், அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்.

"காமர்ஸ் படிச்சா மாட்டு டாக்டர் ஆவ முடியாதாம்மா. பயாலஜி படிச்சிருக்கணுமாம்."

"யாருடி சொன்னது?"

"அப்ளிகேஷன் போடுற கடையில அக்கா சொன்னாங்க."

"பன்னெண்டாவதே முடிச்சிட்ட. இப்ப சொன்னா இன்னா பண்றது?"

"நம்ம ஸ்கூல்ல பயாலஜி குரூப்பே கிடையாதேம்மா."

பஸ் அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. அம்மா, குடிசைகளை எடுத்துவிட்ட கரையையே பார்த்தாள்.

"இங்கருந்து அவ்ளோ தூரம் ஹவுசிங் போர்டு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. பொம்பளப் புள்ள பஸ்ஸுல அலைய வேணாமேன்னு வூட்டாண்ட கீற ஸ்கூல்ல சேத்தேன். நம்ம மாடு கன்னு போட்டப்ப நீதானேடி கூட நின்ன."

"வுடும்மா. எட்டாவது மாடியில கட்ட முடியாதுன்னு மாட்டையே வித்துட்டோம்."