பேனர்ல எல்லாரும் ஆஜர்

போட்டோவுல என் மூஞ்சி எப்பவுமே நல்லா விழாது தம்பி. மூஞ்சியப் பாத்து அட்டெண்டன்ஸ் போடுற மிஷின் வந்தன்னைக்கு, ஹெட்மிஸ்ட்ரஸ் என்னையவே அதுக்கு அடையாளம் தெரியல. புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க, நானுந்தான் சிரிச்சேன். உக்காருங்க இன்ஸ்பெக்டர் தம்பி, நீங்க நின்னா எனக்குப் பேச்சு ஓடாது.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் மொத மிஷின் எங்க ஸ்கூல்லதான். நாந்தான் அலைஞ்சு திரிஞ்சு கொண்டாந்தேன். புள்ள முன்னாடி வந்து நின்னா டிங்குன்னு சத்தம், பச்ச லைட்டு. அந்த நிமிசமே ‘உங்கள் பிள்ளை பத்திரமாகப் பள்ளி வந்து சேர்ந்தது’ன்னு ஆத்தா போனுக்கு மெசேஜ் போயிரும். பாதி ஆத்தாமாரு திருப்பூர் பனியன் கம்பெனியிலதான இருக்காளுக. அதப் பாத்துட்டுத்தான் வேலையில உக்காருவாளுகளாம்.

கடலை பறிக்கிற காலம் வந்தாத்தான் தொல்லை. பாதிப் புள்ளைங்க காட்டுல நிக்கும். ஒரு ஆளு கொறையாம வருகை காட்டுற ஸ்கூலுக்கு மாவட்டத்துல ஷீல்டுன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?

நம்மூர்ல காதுகுத்துன்னாலே சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரு மூஞ்சியும் பேனர்ல வேணும்ல. சுதந்திர தினத்துக்கு நானும் எல்லாப் புள்ளைங்க மூஞ்சியவும் போட்டு ஒரு பேனர் அடிச்சிருந்தேன். அதக் கழட்டித் தூக்கிக்கிட்டு நம்ம பியூன் சவரியப்பன் மிஷினத் தாண்டுனான். டிங்கு, டிங்கு, டிங்கு.

“மேடம், இது பேனருக்கே வணக்கம் வைக்கிது.”

“நீ பேசாம இன்னும் மெதுவா நட.”

கோயில் மணியாட்டம் அடிக்கிது தம்பி. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சிருச்சு. அன்னையிலேந்து தெனம் காலையில பேனர் ஊர்வலந்தான்.

எட்டாப்பு தேவிப்ரியாவும் அதுல இருந்துச்சு, ரெட்டச் சடையோட. ஆத்தா இருளாயி திருப்பூர்ல, புள்ள மாமன் கருப்பன் வீட்டுல. ஒரு நா என் ரூமுக்கு வந்து நின்னுச்சு.

“மேடம், மாமா என்னைய யாரோ ஒருத்தர்கூட வேலைக்கு அனுப்பப் போறாரு. எந்த ஊருன்னு கேட்டா அடிக்கிறாரு. அம்மாட்ட சொல்லுங்க மேடம்.”

“சேதி போகும்டி, நீ கிளாசுக்குப் போ”ன்னேன். மறுநா புள்ள வரல. பேனர் தாண்டுனதும் பத்திரமா வந்து சேர்ந்துச்சுன்னு சேதி மட்டும் போச்சு.

ஷர்லி டீச்சர்தான் வந்து குதிச்சாக. “அந்தப் புள்ள மூஞ்சியில மட்டுமாவது ஒரு பேப்பர ஒட்டுங்க மேடம். பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?”

“ஒட்டுனா நூறு சதவீதம் தொண்ணூத்தொம்பதாயிருமே டீச்சர்”னேன். அவுக சிரிக்கல. அவுகளுக்கு எப்பவும் உம்முன்னுதான் இருக்கணும்.

இருளாயி போன் போட்டா, புள்ள ஸ்கூல்ல இருக்குன்னு கருப்பன் சொல்லுவான். அவளும் மெசேஜப் பாத்துட்டு நம்பிருவா. ஷீல்டு வந்துச்சு. என் பேத்திக்கு போட்டோ அனுப்புனேன், “பாட்டி, செம்ம”ன்னு பதில் போட்டா.

ஆமா தம்பி, பேனரத் தூக்கச் சொன்னது நாந்தான். அந்தப் புள்ள போனது தெரிஞ்ச பொறவும் தூக்கச் சொன்னேன். ஆனா கூட்டிட்டுப் போனவன் எவனோ. நான் யாரையும் எங்கிட்டும் அனுப்பலையே. இப்ப எங்க இருக்குன்னு கருப்பனுக்கே தெரியலங்கிறீங்க. எனக்கு எப்புடித் தெரியும்?

தீவாளிக்கு மொத நா, புதுச் சுடிதார் பையோட இருளாயி வந்தா. வீட்டுல புள்ளையக் காணோம்னு ஸ்கூல் கேட்டுல நின்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவுறா. அந்த நேரம் பாத்து சவரியப்பன் பேனரோட மிஷினத் தாண்டிட்டான். அவ கையில இருந்த போன் கத்துச்சு. படிச்சா. அழுகைய நிறுத்திட்டு, “வந்துருச்சா, எம்புள்ள வந்துருச்சா”ன்னு எட்டாப்பப் பாத்து ஓடுனா.

அந்த நேரம் அவ மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும் தம்பி. அம்புட்டுச் சந்தோசம். அதக் குடுத்தது யாரு? நான்தான.