ஐந்து மணி வரை தாங்க வேண்டிய நாற்காலி

இவ்விழாவின் பெருமதிப்பிற்குரிய தலைவரும் பச்சைப்பாறைத் தோட்டத்தின் மேனேஜருமான, நாம் அன்போடும் கொஞ்சம் அச்சத்தோடும் துரை என்றழைக்கும் திருச்செல்வம் அவர்களே! முன்வரிசையில் கம்பளிக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு வீற்றிருக்கும் கோயில் தலைவர் இருளப்பன் ஐயா அவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தோளோடு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! மேல் லயத்து வீடுகளின் பெரியோர்களே! கீழ் லயத்துப் பெரியோர்களே! நடு லயத்தில், தமக்கு வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளும் பெரியோர் எவரேனும் இருந்தால், அவர்களே! பின்வரிசையில் நின்று, விருந்துக்கான மீகூன் சேமியாச் சட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! அந்த மீகூனைக் கிளறிக்கொண்டிருக்கும் சகோதரிகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நிறுத்தி நிதானமாக, என் வணக்கம்!

என்ன, இருளப்பன் ஐயா? “நன்றி சொல்ல வந்த புள்ள எதுக்கு இவ்ளோ நேரம் வணக்கம் சொல்லுது?” என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி. மெதுவாகவே பதில் சொல்கிறேன்.

நான் தவமலர். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த மலையில் கொழுந்து பறிப்பவள். ஓராண்டாக மரம் கடைபவள். நம் கடைசல் குழுவின் இந்த முதலாண்டு விழாவில் எனக்குக் கொடுத்த வேலை, இரண்டு நிமிட நன்றியுரை. எனக்கு முன்னால் தானா ராத்தா டவுனிலிருந்து வரும் சிறப்புப் பேச்சாளர் கால் மணி நேரம் பேச வேண்டும். இன்றைக்குப் பார்த்துச் சனிக்கிழமை. இன்றைக்குப் பார்த்துப் பள்ளி விடுமுறை! சற்றுமுன் அவரே போன் செய்தார். “பிரிஞ்சாங் ரோட்டு ஜாம்ல மாட்டிக்கிட்டேன்மா. அரை மணி நேரமா ரோட்டோரத்து ஸ்ட்ராபெரி பொம்மை ஒன்னயேதான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்” என்றார்.

அவர் வராவிட்டால் என்ன, கூட்டத்தை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாமே என்கிறீர்களா? போக முடியாது! ஏன் போக முடியாது? அதைத் தலைவர் அறிவார். அவர் அமர்ந்திருக்கிறாரே, அந்த நாற்காலி அறியும்!

பதினைந்து நாளைக்கு முன்னால் நாங்கள் நால்வர் தோட்டத்து ஆபிசுக்குப் போனோம். திலகம் அக்கா, லோரி ஓட்டும் தர்மா, நாற்றுமேட்டில் வேலை செய்யும் கங்கா, நான். துரை எங்களைப் பார்த்து, “அந்தப் பழைய தச்சு ஷெட்ட உடைக்கப் போறேன்மா. டூரிஸ்ட் கார் எல்லாம் ரோட்லயே நிக்குது, பார்க்கிங் போடணும்” என்றார். அந்த ஷெட்டில்தான் எங்கள் கடைசல் மெஷின் இருக்கிறது. துருப்பிடித்துக் கிடந்ததைத் துடைத்து, மோட்டார் மாற்றி, எங்கள் உயிரைக் கொடுத்து ஓட வைத்த மெஷின்! திலகம் அக்காதான், “அதுல நாங்க நாற்காலி செய்யப் போறோம் துரை” என்றார். துரை சிரித்தார். “நீங்க செய்ற நாற்காலியில யாரும்மா உக்காருவா?” என்றார். தர்மா சும்மா இருந்திருக்கலாம். “நீங்கதான்லா துரை!” என்றான்.

கூட்டாளியிடம் பேசுவதுபோல் ஒட்டிய அந்த ஒரு ‘லா’வால் வந்த வினை இது! துரை எழுந்து நின்று சொன்னார்: “சரி. உங்க விழாவுல நாலுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் அந்த நாற்காலியிலதான் உக்காருவேன். தாங்குச்சா, ஷெட்டு உங்களுக்கு. ஒடிஞ்சுச்சா, பார்க்கிங்!” நாலு மணிக்கு அமர்ந்தார். பின்சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள், இப்போது நாலே முக்கால். நன்றி சொல்ல வந்த நான் கால் மணி நேரம் பேசியே தீர வேண்டும்!

ஆகவே, அவையோரே, கடைசலின் பெருமையைக் கேளுங்கள்! மரத்தை இருமுனையிலும் கவ்விக்கொண்டு மெஷின் சுழற்றும். சுழலும் மரத்தில் நாம் உளியை மெல்லச் சாய்த்துக் காட்டினால், சுருள் சுருளாய்ச் சீவல் பறக்கும். எங்கே பறக்கும்? கூந்தலில் பறக்கும், குளிராடையில் பறக்கும், கொதிக்கின்ற குழம்பிலும் பறக்கும்! என் கணவர் ஒருநாள் சாம்பாரிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றுவிட்டு, “அப்பளம் நமுத்துப் போச்சு” என்றார். அவர் மனம் நோகக் கூடாதே என்று நானும் ஆமாம் என்றேன்.

கடைபவர் எல்லோருக்கும் ஒரு நோய் உண்டு. அதன் பெயர், இன்னும் ஒரே ஒரு சீவல்! கட்டை அழகாக வந்துவிடும், நிறுத்த வேண்டும், கை நிற்காது. இன்னும் ஒரே ஒரு சீவல்! நான் முதன்முதலில் சப்பாத்திக் கட்டைதான் கடைய ஆரம்பித்தேன். இன்னும் ஒரே ஒரு சீவல் என்றேன், மோர் கடையும் மத்து ஆனது. இன்னும் ஒரே ஒரு சீவல் என்றேன், காது குடையும் குச்சி ஆனது. அந்தக் குச்சி இன்றும் எங்கள் வீட்டில் நல்ல உபயோகத்தில் இருக்கிறது.

சிரிக்காதீர்கள் தலைவர் அவர்களே! சிரித்தால் நாற்காலி குலுங்குகிறது.

ஃபேக்டரி ரோட்டில் மழைக்கு விழுந்த மரத்தில் நான்கு கால்கள் கடைய முடிவு செய்தோம். ஆளுக்கொரு கால். திலகம் அக்கா கடைந்த முதல் காலைப் பார்க்க வேண்டுமே! வளையம் வளையமாய், வாளிப்பாய், வாழைத்தண்டுபோல் இருந்தது. அதைப் பார்த்து அளவெடுத்துத் தர்மா கடைய வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் முதல் வேலையை அம்மனுக்குப் படைக்காமல் நாம் எதைத்தான் செய்திருக்கிறோம்? ஒருநாள் தர்மாவிடம் இருந்தது. மறுநாள் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, அம்மன் பாதத்தில் வைத்துவிட்டோம். தர்மாவின் கால் கங்காவிடம் ஒருநாள், பிறகு அம்மனிடம். கங்காவின் கால் என்னிடம் ஒருநாள், பிறகு அம்மனிடம். சாமி காலடியில் இருப்பதை எடுத்து வந்து யார் அளந்து பார்ப்பது?

புரிகிறதா அவையோரே? தர்மா திலகம் அக்காவின் காலைப் பார்த்துக் கடைந்தான், இன்னும் ஒரு சீவல். கங்கா தர்மாவின் காலைப் பார்த்தாள், இன்னும் ஒரு சீவல். நான் கங்காவின் காலைப் பார்த்தேன். நேற்று வெள்ளிக்கிழமை, பூசாரி நான்கையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். உயரம் நான்கும் ஒன்றுதான். பருமன்? அப்பா, அண்ணன், தம்பி, கடைசியில் சோறே இறங்காத குழந்தை! அந்தக் கடைசிக் கால் நான் கடைந்தது. வேறு கால் கடைய நேரம் இல்லை. பின்பக்கம், இடதுகையோரம் அதைப் பொருத்தி, பசையைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினோம்.

தலைவர் அவர்களே, இடப்பக்கம் சாயாதீர்கள்! அப்படித்தான். நிமிர்ந்தே இருங்கள். முகம் ஏன் வெளுத்துவிட்டது? மைக் அவர் பக்கம் இல்லை, நானே சொல்கிறேன். தலைவர் கேட்கிறார்: “இத ஏம்மா நாலு மணிக்கே சொல்லல?” சொல்லியிருந்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்களா துரை? உங்களிடம் மறைத்தது தப்புதான். அதற்காகத்தான் இப்போது சபையறியச் சொல்கிறேன்.

எங்களுக்கு எதற்கு இந்த ஷெட்? பொழுது போக்கவா? விளையாடவா? அல்ல, அல்ல! அன்று ஆபிசில் துரை வரும்வரை நாற்பது நிமிடம் நின்றோம். நின்ற இடத்திலிருந்து ஒன்றைக் கவனித்தேன். துரையின் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இந்தப் பக்கம்? ஒன்றும் இல்லை! பத்தொன்பது ஆண்டு போய் வந்திருக்கிறேன். அன்றுதான் கண்ணில் பட்டது. லீவு கேட்க நின்றோம்! நிறுவையில் குறைந்த கிலோவைக் கேட்க நின்றோம்! பிள்ளையின் பள்ளிக்கூட பாரத்தில், அந்தத் தாளில், ஒரு கையெழுத்து வாங்க நின்றோம்! கங்கா முன்னொரு நாள் நிறைமாத வயிற்றோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்! நாள் முழுக்க மலைச்சரிவில் நிற்கிற கால்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டாமா? வேண்டாமா தாய்மார்களே?

கேட்டதா துரை, அந்தக் குரல்? அந்த ஷெட்டில் நாங்கள் அடுத்துக் கடையப்போவது பதினாறு கால்கள். நான்கு நாற்காலிகள். உங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் போடத்தான்! ஷெட் போனால் அவையும் போகும்.

துரை, ஏன் எழப் பார்க்கிறீர்கள்? ஐயையோ, இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது! உட்காருங்கள்! கேட்கிறதா, மண்டபமே கத்துகிறது, “உக்காருங்க துரை! உக்காருங்க!” உட்கார்ந்துவிட்டார். கிறீச் என்றதே, அது என் கால்தான், எனக்குத் தெரியும். ஓடிவா நன்றியுரையே! வாழ்த்திய இருளப்பன் ஐயாவுக்கு நன்றி! ஜாமில் நிற்கும் பேச்சாளருக்கு நன்றி! சீவலை மென்ற என் கணவருக்கு நன்றி! மீகூன் கிளறிய கைகளுக்கு நன்றி! அம்மா தாயே, அந்தப் பின்னங்காலுக்கு நன்றி! முள் நகர்கிறது… நகர்கிறது… மணி ஐந்து! அவையோரே, ஐந்து! தாங்கிவிட்டது!

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், தலைவர் எழுந்து ஏதோ சொல்கிறார். “ஷெட்டு உங்களுக்கு. அந்த நாலு நாற்காலியையும் செய்ங்க, என் கையாலயே ஆபிஸ்ல போடுறேன்.” திலகம் அக்கா, அழாதீர்கள், எனக்கும் வருகிறது. துரை, எதற்கு நாற்காலியை என் பக்கம் இழுத்து வருகிறீர்கள்? “இவ்ளோ நேரம் நின்னீங்களே. மொதல்ல நீங்க உக்காருங்கம்மா” என்கிறார். நானா? அந்தக் காலை எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியுமே துரை!

சரி. பாரத்தை அம்மன் மேல் போட்டுவிட்டு உட்காருகிறேன். கிறீச் என்கிறது… ஆனால் தாங்குகிறது! துரை நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தபடியே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், நன்றி, வணக்கம்!