பெத்தவ கை படாத சட்டி

சப்பான்காரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, மலாயாவுல, கெடா பக்கம், வேலாங்காட்டுத் தோட்டம்னு ஒரு ரப்பர் தோட்டம் இருந்துச்சாம். அங்க பால் வெட்டுன நாச்சம்மாதான் எங்க பாட்டனைப் பெத்த ஆத்தா. நல்லவளான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. கதையைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அந்த வருசம் காய்ச்சல் வந்து லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீடுகள்ல, இருந்த பச்சப்புள்ளைகளை வாரிக்கிட்டுப் போயிருச்சாம். புள்ளையைப் பறிகுடுத்த பொண்ணுக பல பேருக்கு மனசு விழுந்துபோச்சு. சோறு வேணாம், பேச்சு வேணாம், தலைக்கு எண்ணெய் வேணாம். செவுத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாங்களாம். ஒருத்தி ஆத்தோட போயிட்டா. நாச்சம்மா மக செல்லாச்சியும் அப்படித்தான் ஒக்காந்திருந்தா. பக்கத்து வீட்டு மாரக்காவும் அப்படித்தான். பூசாரி வேப்பிலை அடிச்சாரு, கேக்கல. கயிறு மந்திரிச்சுக் கட்டுனாங்க, கேக்கல.

நாச்சம்மா டவுனுக்கு ஓடி சின்சே கால்ல விழுந்தாளாம். சின்சேன்னா சீன வைத்தியரு.

"எம் மக கண்ணு முன்னாடியே போறாய்யா. எதையாச்சும் குடு."

அவரு வேரு, பட்டை, காஞ்ச பூவுன்னு ஒரு பொட்டலம் எடுத்து வச்சாராம். "எங்க ஆளுக்குக் குடுத்தேன். செல பேரு எந்திரிச்சாங்க. மருந்துனாலதானான்னு எனக்கே தெரியாது. இது ஒரு ஆளுக்குத்தான் காணும், மிச்சம் கப்பல்ல வரணும். ஒருத்திக்கு இதைக் குடு. இன்னொருத்திக்கு வெறுங் கசப்புத் தண்ணி குடு. ரெண்டு பேருக்கும் சொல்லாத. எவ எந்திரிக்கிறான்னு பாரு."

எவளுக்கு மருந்து? தோட்டத்து ஆளுகளை வேலை வாங்குற கங்காணி, "மாரியாத்தா சொல்லட்டும்"னாராம். ரெண்டு நெறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாக் கட்டிச் சாமி முன்னால போட்டாங்க. செவப்பு வந்தா செல்லாச்சிக்கு, வெள்ளை வந்தா மாரக்காவுக்கு. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சா வெள்ளை. அப்ப மாரக்காவுக்குத்தான் மருந்து, செல்லாச்சிக்கு வேப்பம்பட்டைத் தண்ணி.

ரெண்டையும் காய்ச்சுறது யாரு? பக்குவம் கேட்டுட்டு வந்த நாச்சம்மாதான். இங்கதான் கோட்டை விட்டாங்க. பூவைச் சாமி கையில குடுத்தவங்க, சட்டியைப் பெத்தவ கையில குடுத்துட்டாங்க. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? அவளும் அதைத்தான் செஞ்சா. சட்டியை மாத்திட்டா.

தெனமும் மகளை மடியில சாச்சு ஊத்துவாளாம். "குடி தாயி, எனக்காகக் குடி." செல்லாச்சி குடிப்பா. குடிச்சுட்டு செவுத்தைத்தான் பாப்பா.

அங்க மாரக்கா ஒரு நாள் தண்ணி கேட்டாளாம். அப்பறம் சோறு கேட்டாளாம். அப்பறம் வாசல்ல ஒக்காந்து தலை சீவுனாளாம். இங்க செல்லாச்சிக்குக் கஞ்சிகூட எறங்கல. ஒரு காலையில எழுப்பப் போனா, ஒடம்பு சில்லுன்னு கெடந்துச்சு.

பாடை கட்டும்போதே கங்காணி சொல்றாராம், "பாத்தீங்களா, மருந்து குடிச்சவ எந்திரிச்சுட்டா. கப்பல் வரட்டும்." சீக்காளிப் பொண்ணுகளைப் பெத்தவளுக மருந்துக் காசுக்கு மூக்குத்தியைக் கழட்டி முந்தியில முடிஞ்சுக்கிட்டு நிக்கிறாளுக. அவளுகளுக்கு வேற கதியில்ல.

நாச்சம்மா வாயைத் தொறக்காம இருந்திருக்கலாம். எவனுக்குத் தெரியப்போகுது? ஆனா பொணத்துக்கிட்ட இருந்து எந்திரிச்சா.

"மாரக்கா குடிச்சது வேப்பம்பட்டை. மருந்தைக் குடிச்சது எம் மக. நான்தான் மாத்துனேன்."

மாரக்காவைப் பெத்தவ வந்து ஓங்கி அறைஞ்சாளாம். அறைஞ்ச கையாலயே அவளைக் கட்டிக்கிட்டு அழுதாளாம். இன்னொருத்தி, "அப்ப எம் பொண்ணுக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்?"னு கேட்டா. மாரக்கா எதுனால எந்திரிச்சான்னு அவளுக்கே தெரியலையாம்.

கப்பல் வந்துச்சு. திரும்பவும் பூக் கட்டுனாங்க. ஆனா சட்டியைப் பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒருத்தர் கையில குடுத்தாங்க. எந்தச் சட்டி எந்தப் பொண்ணுக்குன்னு அவருகிட்டச் சொல்லவே இல்ல.

அதுல இருந்துதான் எங்க ஆளுகள்ல புள்ளைக்குப் பெத்தவ மருந்து காய்ச்ச மாட்டா. வேத்து வீட்டு ஆளு வந்துதான் காய்ச்சணும். காய்ச்சி எறக்குற வரைக்கும் தாய்க்காரி கையைப் பின்னால கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கணும். பாக்குறவன் கல்நெஞ்சுக்காரின்னு நெனப்பான். எங்க புள்ளைக்கு மருந்து காய்ச்சுனப்ப எம் பொஞ்சாதி அப்படி நின்னா, நான் அவளுக்குப் பின்னாலதான் நின்னேன். அவ ஒரு கை இன்னொரு கையைப் புடிச்சிருந்த புடியில, நகம் பதிஞ்சு ரத்தம் வந்துருச்சு.